பந்தர் தெருவும் ஒரு பிறந்தநாள் பட்டியலும்

சென்ற ஆண்டு எங்கள் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு, விழா நடத்தித் தரும் ஒரு நிறுவனத்திடம் 32,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அன்று மாலை முழுவதும் குடியிருப்பின் வாசலில் அவர்களுக்காகவே காத்துக்கொண்டு நின்றேன். நான்கு மணிக்கு வந்திருக்க வேண்டிய அலங்கார ஆட்கள் ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள்; வண்ணத்துப்பூச்சி கேட்டிருந்தோம், பந்தயக் கார் படம் போட்ட திரையை மாட்டிவிட்டுப் போனார்கள். மகள் அந்தத் திரையை ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சுற்றி எடுத்து வந்த அட்டைக் குழாயைத் தூக்கிக்கொண்டு, தோழிகளுடன் மாடிப்படியில் ஏறி இறங்கியே அந்தப் பொழுதைக் கழித்தாள்.

ஆகவே இந்த ஆண்டு விழாவை நாங்களே நடத்துவது என்றும், பொருட்களைப் பாரிமுனையின் மொத்த விலைக் கடைகளில் வாங்குவது என்றும் முடிவாயிற்று. சென்னையில் பிறந்தநாள் சாமான்கள் என்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் பந்தர் தெருதான். அங்கே போய் வந்த அனுபவத்தையும், வாங்கியவற்றில் எது உதவியது, எது வீணானது என்பதையும், எல்லாம் முடிந்தபின் போட்டுப் பார்த்த கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு இருக்கும் நங்கநல்லூரில், நங்கநல்லூர் சாலை நிலையத்தில் ஏறினால் உயர்நீதிமன்ற நிலையம் வரை மெட்ரோ ரயிலில் மாறாமல் போகலாம். 2019இல் அந்தப் பாதை திறக்கப்படுவதற்கு முன்பு பாரிமுனைக்குப் போய் வருவதே ஒரு நாள் பிழைப்பாக இருந்தது. இப்போது அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்துவிட்டது. சொந்த வண்டியில் போக நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் பாதிச் சாமான்களை வாங்கி முடித்துவிடலாம். நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் ஒரு பக்கம் உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம், எதிர்ப்பக்கம் என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து வடக்கே பிரியும் சந்துகளும் தெருக்களும். இந்தச் சாலைக்கு முன்பிருந்த பெயர் சைனா பஜார் சாலை. பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் இங்குள்ள பலூன், ஜிகினா, பொம்மைப் பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால் பழைய பெயரும் அப்படியொன்றும் தவறாகப் படவில்லை.

என்னுடன் அக்கா வந்திருந்தாள். சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு நடத்துகிறவள் என்பதால், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இந்தத் தெருக்களுக்கு வந்து பழகியவள். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு தாளை எடுத்து, வரப்போகும் குழந்தைகளின் பெயர்களை வரிசையாக எழுதச் சொன்னாள். எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் நான் முப்பதோ முப்பத்தைந்தோ என்று சொல்லியிருப்பேன். பெயர்களை எழுதியபோது இருபத்தைந்தில் நின்றது. பெரியவர்கள் இருபது பேர். அதற்குப் பிறகுதான் பொருட்களின் பட்டியலை எழுத விட்டாள். பட்டியலில் இல்லாத எதையும் வாங்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அதை நான் ஒருமுறை மீறினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

பத்தரை மணிக்குப் பந்தர் தெருவுக்குள் நுழைந்தபோது பாதிக் கடைகள்தாம் திறந்திருந்தன. அந்த நேரம்தான் நல்ல நேரம். பதினொன்றரைக்குப் பிறகு சுமை வண்டிகளும், தலைச்சுமைக்காரர்களும், வெளியூர்க் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டால் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட இடமிருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பிறந்தநாள் வரும் குழந்தைகளின் பெற்றோர், ஒரு மாதம் முன்பாகவே போய் வந்துவிடுவது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது.

முதலில் பலூன். பத்து அங்குல அளவில், வெளிர் நிறங்களில், நூறு பலூன் கொண்ட பொட்டலம் 160 ரூபாய், இரண்டு வாங்கினோம். எங்கள் பகுதி ஃபேன்ஸி ஸ்டோரில் அதே பொட்டலம் 300 ரூபாய். ஆனால் பலூன் ரப்பர் பாலில் செய்யப்படுவது. வெயிலிலும் புழுக்கத்திலும் நாள்பட்டுக் கிடந்தால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றை வெளியே எடுத்து நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். அவள் இழுத்த முதல் பலூன் அறுந்தது, அடுத்த கடைக்குப் போனோம். நூறு என்று அச்சிட்ட பொட்டலத்தில் நூறு இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். வீட்டில் எண்ணிப் பார்த்தபோது ஒன்றில் 94, மற்றொன்றில் 97 இருந்தன. கை பம்பு 50 ரூபாய். வாயால் ஊதிவிடலாம் என்று நினைப்பவர்கள் பதினைந்தாவது பலூனில் மனத்தை மாற்றிக்கொள்வார்கள். வளைவு கட்டுவதற்கான துளையிட்ட பிளாஸ்டிக் பட்டையும் ஒட்டுப் புள்ளிகளும் சேர்ந்து 40 ரூபாய், ஜிகினாத் திரை இரண்டு 80 ரூபாய்.

வாயு அடைத்த பலூன்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும் பலூன்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஹீலியம் தீப்பற்றாத வாயு, ஆனால் விலை அதிகம். அதனால் மலிவாக அடைத்துத் தரும் பலூன்களில் பல வேளைகளில் ஹைட்ரஜனே இருக்கிறது. அதன் அருகே ஒரு மெழுகுவர்த்திச் சுடர் போதும். கேக் மேசையைச் சுற்றிக் குழந்தைகள் முண்டியடிக்கும் வீட்டில் அதற்கு இடமே தரக் கூடாது என்பது என் கருத்து. பனி போலப் பொங்கும் ஸ்பிரே குப்பிகளுக்கும் இதே தடை. அவற்றில் அழுத்தி அடைத்திருப்பது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு. கேக் வெட்டும் நேரத்தில், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே குழந்தையின் தலையைச் சுற்றி அதைப் பீய்ச்சும் வழக்கம் எப்படித்தான் பரவியதோ தெரியவில்லை. ஒரு கடைக்காரர், வாங்கிய சாமானோடு இரண்டு குப்பிகளைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். அக்கா அவற்றை எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தாள். ஊதினாலும் மறுபடி பற்றிக்கொள்ளும் மெழுகுவர்த்தியும் அங்கே கிடைக்கிறது. திரியில் கலந்த மக்னீசியத் தூள் கனன்றுகொண்டே இருப்பதால் நேரும் வித்தை அது. தண்ணீரில் முக்கி அணைக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டால் வித்தை அங்கேயும் தொடரும். நாங்கள் வாங்கியது சாதாரண மெழுகுவர்த்தி, 20 ரூபாய்.

ரிட்டர்ன் கிஃப்ட் பகுதிக்கு வந்தால்தான் இந்தத் தெருவின் உண்மையான குணம் தெரியும். இங்கே எல்லாம் டஜன் கணக்கு. பன்னிரண்டு நிற மெழுகுக் குச்சிகளும் ஒரு சிறிய ஓவியப் புத்தகமும் சேர்ந்த உறையை எடுத்து, ஒன்று என்ன விலை என்று கேட்டேன்.

“ஒண்ணா குடுக்கறதில்ல சார். டஜன் நானூத்தி எண்பது.”

“இருபத்தஞ்சு வேணும். ரெண்டு டஜன், மேல ஒண்ணு.”

“மூணு டஜனா எடுத்துக்குங்க. பசங்க வர்ற எடம், நாலு பேரு கூடத்தான் வருவாங்க.”

விற்பனைப் பேச்சு என்று நான் நினைத்தேன். அக்கா மூன்று டஜனுக்குத் தலையாட்டினாள். விழாவன்று, அழைத்தவர்களின் தம்பி தங்கைகளும், கீழ்த்தளத்துக்கு விருந்தினராக வந்திருந்த ஒரு குழந்தையுமாகச் சேர்ந்து இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். அந்தக் கடைக்காரர் எங்கள் உறவினர்களை எங்களைவிட நன்றாக அறிந்திருக்கிறார்.

பொம்மைகளை ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். டஜன் விலையில் குவித்து வைத்திருக்கும் சிறிய பொம்மைகளில் நான் புரட்டிப் பார்த்த பலவற்றில் அந்த முத்திரை கண்ணில் படவில்லை. கழன்று வரும் சிறு சக்கரமும், எளிதில் திறந்துகொள்ளும் பொத்தான் பேட்டரியும், ஆறு வயதுக் குழந்தையின் கையிலிருந்து அவள் வீட்டில் இருக்கும் இரண்டு வயதுத் தம்பியின் வாய்க்குப் போக வெகுநேரம் ஆகாது. எழுதுபொருள், புத்தகம், சிறு எவர்சில்வர் டப்பா ஆகியவற்றில் இந்தக் கவலை இல்லை.

தட்டு, கோப்பை விஷயத்தில் இந்தச் சந்தையை முழுக்க நம்பிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டுகள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகள், கோப்பைகள், உறிஞ்சு குழல்கள் எல்லாம் தடை செய்யப்பட்டவை. 2022 ஜூலை 1இல் வந்த நாடு தழுவிய தடையில் பலூன் மாட்டும் பிளாஸ்டிக் குச்சிகளும் அலங்காரத்துக்கான தெர்மாக்கோலும் சேர்ந்துகொண்டன. ஆனாலும் ஒரு கடையில் நாங்கள் கேட்காமலேயே பலூன் குச்சிக் கட்டை எடுத்து நீட்டினார்கள். நாங்கள் பாக்குமட்டைத் தட்டு நூறு, 260 ரூபாய்க்கு வாங்கினோம். தண்ணீருக்கும் ரோஸ்மில்க்குக்கும் பக்கத்து வீடுகளில் எவர்சில்வர் டம்ளர் இரவல் கேட்டோம். எந்த டம்ளர் யாருடையது என்று தெரிய, அடியில் பெயர் வெட்டியிருக்கும் பழக்கம் எவ்வளவு நல்ல பழக்கம் என்பது அன்று இரவு புரிந்தது.

ஆண்டர்சன் தெரு காகிதத்துக்கும் அழைப்பிதழ்களுக்கும் பெயர்பெற்றது. அங்கே போனதற்குக் காரணம், பந்தர் தெரு முழுவதும் தேடியும் தமிழில் பிறந்தநாள் வாழ்த்துத் தோரணம் ஒன்றுகூடக் கிடைக்காததுதான். பளபளக்கும் ஆங்கில எழுத்துகள் நூறு விதம் தொங்குகின்றன. தமிழில் கேட்டால், “ஆர்டர் குடுத்தா அடிச்சுத் தரலாம்க்கா” என்கிறார்கள். சார்ட் தாள், கிரேப் தாள் என்று 90 ரூபாய்க்கு வாங்கி வந்து, நாங்களே எழுத்துக்கு ஓர் அட்டையாக வெட்டினோம். ‘வாழ்த்துகள்’ என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்ற விவாதம் வழக்கம்போல எங்கள் வீட்டிலும் அரைமணி நேரம் நடந்தது. மிகாது என்ற கட்சி வென்றதால், ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ பன்னிரண்டு அட்டைகளில் முடிந்து ஓர் அட்டை மிச்சமானது. முதல் வகுப்பில் அப்போதுதான் மெய்யெழுத்தைக் கடந்திருந்த மகள், ஒவ்வொரு எழுத்துக்கும் தானே வண்ணம் தீட்டினாள். விழாவுக்கு வந்த பெரியவர்கள் கைபேசியில் படமெடுத்தது அந்தத் தோரணத்தின் முன்னால்தான்.

இனி, நான் நிபந்தனையை மீறிய கதை. திரும்பும் வழியில் காசி செட்டித் தெருவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது நான்தான். வெளிநாட்டுச் சாக்லேட்டும் விளையாட்டுச் சாமான்களும் அடைந்து கிடக்கும் தெரு அது. மிச்சம் பிடித்த பணம் சட்டைப்பையில் இருப்பவன் அங்கே நுழையவே கூடாது. பேட்டரியில் ஓடிச் சோப்புக் குமிழிகளைப் பொழியும் இயந்திரம் ஒன்றைக் கடை வாசலில் ஓடவிட்டிருந்தார்கள். அக்கா தண்ணீர் வாங்கப் போயிருந்த இடைவெளியில் 350 ரூபாய் கொடுத்துவிட்டேன். விழாவன்று அது சரியாக இருபது நிமிடம் ஓடியது. பிறகு சோப்பு நீர் உள்ளே இறங்கி நின்றுபோனது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று கடைப் பலகையில் முன்னரே எழுதியிருக்கிறார்கள் என்பதால் சண்டைக்குப் போகவும் வழியில்லை. கையில் இருப்பதும் துண்டுச் சீட்டில் எழுதிய தொகை மட்டுமே. முறையான ரசீது வேண்டுமென்றால் விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் தொகை மாறும்.

மூன்று மணிக்குள் பொருட்கள் அனைத்தும் இரண்டு பெரிய துணிப்பைகளில் அடங்கிவிட்டன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா உணவுக் கடைகளில் அத்தோ சாப்பிட்டுவிட்டு, அலுவலகக் கூட்டம் சேர்வதற்குள் வீடு திரும்பினோம். பாரிமுனைக்குப் போய் அத்தோ சாப்பிடாமல் வருவது, திருநெல்வேலிக்குப் போய் அல்வா வாங்காமல் வருவதைப் போன்றது என்பது அக்காவின் கட்சி.

விழா, குடியிருப்பின் பொதுக்கூடத்தில் மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை நடந்தது. அந்த நேரத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். ஏழு மணிக்கு அழைத்தால் இரவுச் சாப்பாடு போட வேண்டும், நாலரைக்கு அழைத்தால் டிபனோடு முடிந்துவிடும். கேசரி, போண்டா, மினி இட்லி, ரோஸ்மில்க் என்று பக்கத்து மெஸ்ஸில் ஆளுக்கு 60 ரூபாய் வீதம் நாற்பத்தைந்து பேருக்கு 2,700 ரூபாய். கூடுதலாக வந்த மூன்று குழந்தைகளுக்கும் அதிலேயே போதுமானதாக இருந்தது. அதே தெருவில் வீட்டிலிருந்தே கேக் செய்து தரும் பெண்மணி ஒருவரிடம் ஒன்றரைக் கிலோ கேக், 1,200 ரூபாய். குழந்தைகள் கிரீமை வழித்துத் தின்றுவிட்டுக் கேக்கைத் தட்டில் விட்டுவிடுவார்கள் என்பதை அறிந்தவர்கள் இரண்டு கிலோ வாங்க மாட்டார்கள். கூடத்தைச் சுத்தம் செய்யும் கட்டணம் 500.

அலங்கார வளைவுக்கு நூற்றுச் சொச்சம் பலூன்தான் பிடித்தது. முந்தைய நாள் இரவு ஊதி வைத்தோம். அதற்கு முன்பே ஊதினால் சுருங்கிவிடுகின்றன. முழு அளவுக்கு ஊதாமல் சற்றே தளர்வாக விட்டதால், வெயில் சன்னல் வழியே விழுந்தபோதும் சில மட்டுமே வெடித்தன. மீதிப் பலூன்களைக் கூடத்தில் அப்படியே பரப்பி விட்டோம். விளையாட்டு நடத்த ஆள் வைக்க வேண்டுமா என்று நாங்கள் முன்பு கவலைப்பட்டதற்கு விடை அதுவாக இருந்தது: பலூன் தரையில் விழாமல் தட்டுவது, காலில் கட்டிக்கொண்டு மிதித்து உடைப்பது, அதன்மேல் உட்கார்ந்து உடைப்பது என்று ஒன்றரை மணி நேரம் அவர்களே விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கும் வேலையை மட்டும் நான் விடாமல் செய்தேன். கைக்குழந்தைகள் இருக்கும் இடத்தில் பலூன் துண்டு மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய பொருள்.

கடைசியாகக் கணக்கு. பரிசு உறைகள் 1,440, அவற்றைப் போட்டுத் தரக் காகிதப் பைகள் 180, பலூன் முதலான அலங்காரப் பொருட்கள், தட்டு, தாள், மெழுகுவர்த்தி எல்லாம் 860, என் குமிழி இயந்திரம் 350. ஆக, சந்தையில் செலவானது 2,830 ரூபாய். உணவு, கேக், கூடம் 4,400. மெட்ரோவுக்கும் அத்தோவுக்குமாக 400. மொத்தம் 7,630 ரூபாய். சென்ற ஆண்டின் 32,000 ரூபாயோடு ஒப்பிட்டு, எல்லாம் பந்தர் தெருவின் புண்ணியம் என்று முதலில் மகிழ்ந்துதான் போனேன். பிறகு அக்கா, அதே பொருட்களை நங்கநல்லூரிலேயே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டாள். அங்கே பரிசு உறை 65 ரூபாய், இருபத்தெட்டுக்கு 1,820. பலூனில் 280, பைகளில் 180, தட்டுகளில் 140 என்று கூட்டிக்கொண்டு வந்தால் சந்தையில் மிச்சமானது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். அதில் போக்குவரத்தையும் சாப்பாட்டையும் கழித்து, என் 350 ரூபாயையும் கழித்தால் கையில் நிற்பது இருநூற்றைம்பது ரூபாய். மீதி இருபத்து நாலாயிரமும் மிச்சமானதற்குக் காரணம், ஒப்பந்தம் வேண்டாம் என்றதும், நாலரை மணி என்று வைத்ததும், குழந்தைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதியதும்தான்.

இதனால் பந்தர் தெருவைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தைந்து குழந்தைகளுக்கு மேல் வரும் விழா என்றாலும், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கினாலும், பள்ளி வகுப்பு முழுவதற்கும் பரிசு தர வேண்டுமென்றாலும் தயங்காமல் போகலாம். விலையும் தெரிவும் வேறெங்கும் இப்படி அமையாது. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வரும் விழாவுக்குத் தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோரே போதும். பேட்டரியில் ஓடும் எதையும் பாரிமுனையில் வாங்க வேண்டாம். காசி செட்டித் தெருவுக்குள் போவதாக இருந்தால், பணப்பையை உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போகவும்.

மீந்த எட்டுப் பரிசு உறைகளில் இரண்டு, அடுத்த மாதமே வந்த வேறு இரண்டு பிறந்தநாள்களுக்குப் போய்விட்டன. ஆறு அலமாரியில் இருக்கின்றன.